அவன் பேசி முடிக்கட்டும்

தம்பி,

கல்யாண அழைப்பிதழ் முந்தாநாள் வந்து சேர்ந்தது. அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். விரலால் தடவிப் பார்த்தேன். இடது கைக்கு எழுத்தின் மேடு இன்னும் தெரியவில்லை, வலது கைக்குத் தெரிந்தது. அழகாக இருக்கிறது. உனக்கு வரப்போகிறவளையும் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்று பேனாவைத் தள்ளித் தள்ளி வைத்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அழுகையோ கோபமோ வந்தால் என் நாக்கு குழறும். பாதிதான் உனக்கு விளங்கும். நீ பயந்துபோய், "மா, மறுபடியும் ஸ்ட்ரோக்கா?" என்று கேட்பாய். நான் சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதே, உட்கார்ந்து படி.

உங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் கொஞ்ச காலம் 'மெர்டேக்கா57' என்று ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? மைக் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிப் போட்டுவிட்டு, வாயே திறக்காமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆளாகச் செத்துக்கொண்டிருந்தவர். அங்கிள் என்று கூப்பிடுவீர்கள். வேறு பெயர்களும் வைத்திருந்தீர்கள். அது நான்தான், தம்பி. உன்னை வேவு பார்க்க வந்தேன் என்று நினைத்துவிடாதே. எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு, ஹாஸ்பிடலில் கைப்பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். உன்னைவிடச் சின்னவள். என் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வாள், துணி மடிக்கச் சொல்வாள். எனக்கு அழுகைதான் வரும். பத்து பெரெண்டாமில் சிப் செய்கிற ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிய விரல்கள் இவை. அதே விரல்களால் ஒரு துண்டை மடிக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்தான் ஒருநாள், "மக்சிக், போனில் கேம் விளையாடுங்களேன், ரெண்டு கட்டைவிரலும் ஓடும்" என்றாள். முதலில் பழங்களைச் சேர்த்து உடைக்கிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அது சீக்கிரமே அலுத்துவிட்டது. அப்போதுதான் நீ பேஸ்புக்கில் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, நெஞ்சில் குழுவின் பெயர், கையில் ஒரு கோப்பை. உன் பள்ளித் தோழர்கள் இரண்டு பக்கமும். நீ சிரிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அப்பா போன பிறகு நீ வீட்டுக்கு வந்தால் அப்படிச் சிரிப்பதில்லை. தீபாவளிக்கு வந்தபோதும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று நானும் போய்ப் பார்க்க நினைத்தேன். படத்துக்குக் கீழே, மலாக்காப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மதியம் பயிற்சி உண்டு, புதியவர்கள் வரலாம் என்று நீயே எழுதியிருந்தாய்.

சொந்தப் பெயரில் வந்தால் நீ கூச்சப்படுவாய். அதனால் மெர்டேக்கா, சுதந்திரம், வந்த ஐம்பத்தேழில் நான் பிறந்ததை வைத்து என் அப்பா, உன் தாத்தா, என்னை எப்போதாவது கூப்பிட்ட பெயரைப் போட்டுக்கொண்டேன். சேர்ந்த உடனே உங்கள் விதிமுறைகள் வந்தன. மைக் இருக்க வேண்டும். ஞாயிறு தவறக் கூடாது. தோற்றதற்குக் காரணம் சொல்லக் கூடாது. திட்டினால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இதெல்லாம் முடியாதவன் போனிலிருந்து கேமையே எடுத்துவிடலாம் என்று கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை. பத்து பேர் சேராவிட்டால் பயிற்சி நடக்காது என்பதால்தான் மைக் இல்லாத என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். ஆட்டம் எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் மூன்று பாதை, எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் யார் எந்தப் பாதையில் போவது, எப்போது பின்வாங்குவது, யாருக்காக யார் சாவது என்று ஒரு ஊருக்கு இருக்கிற கட்டுப்பாடு அத்தனையும் அதற்குள் இருந்தது. அதை யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாமல் மிதித்தால் மட்டும் கத்தினார்கள். நூப் என்றார்கள். ஒன்றும் தெரியாத புதியவன் என்று அதற்கு அர்த்தமாம். சொன்ன விதத்தைக் கேட்டபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது. உன் சிநேகிதர்களில் ஒருவன் என் அம்மாவையும் இழுத்தான். என் அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது, பாவம்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபேக்டரியில் எங்கள் லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் தினமும் போட்டி நடக்கும். புதுப்பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு எங்கள் லைன் பின்தங்கும். நாங்களும் முணுமுணுப்போம். நான் சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்தும் முணுமுணுத்தார்கள். ஆனால் முணுமுணுத்தவளோடு மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். அவள் கண்ணைப் பார்த்தாக வேண்டும். காலையில் ஏதாவது சொல்லியிருந்தால் மதியம் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இரண்டு பேருக்கும் சங்கடமாக இருக்கும். உங்களுக்கு அந்தச் சாப்பாட்டு மேசை இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் மறைந்துவிடுகிறீர்கள். நான் செத்து, மறுபடி உயிர் வருவதற்காகக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன்.

நாதன் எனக்கு அறிமுகமானது அங்கேதான். எனக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்தவன், அவனும் புதியவன்தான். அவன் மட்டும் என்னைத் தனியாக விட்டுவிட்டு ஓட மாட்டான். நான் வழி தெரியாமல் நின்றால் திரும்பி வந்து என் முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவான், பின்னாலேயே வா என்று அர்த்தம். புதருக்குள் ஒளிந்தால் எதிரிக்குத் தெரியாது என்பதை அவன்தான் எழுதிக் காட்டினான். எல்லாம் மலாயில். செட்டிக் கம்பத்துப் பையன், பல நூறு வருஷத்துக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட நம் ஆட்கள், சாமி நம் சாமிதான், தமிழ் மட்டும் அவர்கள் வீட்டில் பேசுவதில்லை. "பக்சிக், மெதுவாக வாங்க, நான் இருக்கிறேன்" என்று எழுதுவான். நான் அங்கிள் இல்லை, ஆண்ட்டி, பக்சிக் இல்லை, மக்சிக் என்று அவனுக்கு மட்டும் சொன்னேன். ஸ்ட்ரோக் வந்த கை என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு வேலை இல்லாத பிற்பகல்களில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரோடு மோதுகிற சின்ன ஆட்டங்களை ஆடுவான். அதில் யாரும் திட்ட மாட்டார்கள். பண்டார் ஹிலிரில் ஒரு ஹோட்டலில் முன்கவுண்டரில் நிற்பதாகச் சொன்னான். காஜா பேராங்கில் என் வீட்டிலிருந்து அவன் வீடு நடக்கிற தூரம்தான். எங்காவது ரோட்டில் பார்த்தே இருப்போம் என்று எழுதி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். என் கட்டைவிரல் அந்தப் பிற்பகல்களில்தான் திரும்பி வந்தது. ஹாஸ்பிடல் பெண் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை நீங்கள் என்னென்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் உள்ளேதான் இருந்தேன். "பேரு நாதன், நெத்தியில திருநீறு, வாயத் தொறந்தா மலாய்." "தமிழ் தெரியாம எதுக்குலா நம்ம குரூப்புக்கு வந்த?" அதைக் கேட்டபோது எனக்கு உன் தாத்தாவின் நினைவு வந்தது. நீ பார்த்ததில்லை. இந்தியாவிலிருந்து சிறுவனாகத் தோட்டத்துக்கு வந்து, பிறகு டவுனுக்கு வந்து ரோடு வேலை செய்தவர். சுதந்திரம் வந்த காலத்தில் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். அதிகாரி முன்னால் நின்று மலாயில் பதில் சொல்ல வேண்டும். அவருக்கோ கடைத்தெரு மலாய்தான், அதுவும் பாதி. முதல் தடவை போனபோது அங்கே காத்திருந்த நம் ஆட்களே அவர் பேசியதைக் கேட்டுச் சிரித்தார்களாம். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். நாதனுடைய கம்பத்தைச் சேர்ந்த ஒருவர்தான் வேலை முடிந்து வரும் வழியில் தாத்தாவோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி அவர் வாயைப் பழக்கினார். தமிழ் தெரியாத அவரும் மலாய் தெரியாத இவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று என் அம்மா கடைசி வரைக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தடவை தாத்தாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. நான் கைக்குழந்தை, எனக்கு எதுவும் தெரியாது, கேட்டதுதான். நீ இந்த நாட்டில் கவலையில்லாமல் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்குப் பாங்காக் வரை போய் வருகிறாயே, அதற்கு முன்னால் இப்படி ஒன்று இருக்கிறது.

நாதனும் ரொம்ப நாள் மைக்கைத் திறக்காமல்தான் இருந்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ விடவில்லை. வரப்போகிற போட்டிக்கு ஒரு ஆள் குறைகிறது, நாதன் கை நன்றாக இருக்கிறது, அவனை எடுத்துப் பார்க்கலாம் என்று நீதான் சொன்னாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? "ஆனா பேசணும் நாதன். பேசாதவன் டீம்ல இருக்க முடியாது. மைக்கத் தொற" என்றாய். பயிற்சியை நேரலையாக வேறு போட்டிருந்தாய், ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திறந்தான். நடுப்பாதையில் எதிரிகள் மூன்று பேர் புதருக்குள் இருந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். பின்வாங்கச் சொல்ல வந்தான். "முண்டூர்" என்கிற அந்த ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. மு, மு, மு என்று முதல் எழுத்திலேயே அவன் நாக்கு மாட்டிக்கொண்டது. அவனுக்குத் திக்குவாய், தம்பி. அவன் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டத்தில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் செத்துவிட்டார்கள்.

ஒருவன், "மோட்டர் ஸ்டார்ட் ஆகலடா" என்றான். இன்னொருவன் கிக்கரை உதைக்கிற மாதிரிச் சத்தம் போட்டான். எல்லோரும் மு, மு, மு என்று ஆரம்பித்தீர்கள். நீ அவனைப் போலப் பேசிக் காட்டவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும், காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். நீ சிரித்தாய். அந்தப் படத்தில் பார்த்தேனே, அதே சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். பிறகு, "இத வெட்டிப் போடுடா, நல்லா ஓடும்" என்றாய். நாதன் மைக்கை மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லை எப்படியாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று முயன்றுகொண்டே இருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது.

அப்போதுதான் நான் மைக்கைத் திறந்தேன். நாதனுக்கும் விளங்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். "பியார் டியா ஹாபிஸ் சாக்காப்." அவன் பேசி முடிக்கட்டும் என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். படபடப்பில் நாக்கு குழறிவிட்டது. எனக்கே என் குரல் யாரோ மாதிரி இருந்தது. உங்கள் சிரிப்பு நின்றது. கண்டுபிடித்துவிட்டான், என் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான், இப்போது 'மா' என்று கூப்பிடப்போகிறான் என்று போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். நீ கேட்டாய், "யாரு வீட்டுக் கிழவிடா இது? தண்ணி போட்டிருக்கா போல. போனப் புடுங்கி வைங்கடா." மறுபடியும் சிரிப்பு. அடுத்து திரையில் ஒரு வரி வந்தது. நாதனையும் என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாக.

அன்று சாயங்காலம், வழக்கம்போல, நீ எனக்குப் போன் செய்தாய். "மா, சாப்டியா? கை எப்படி இருக்கு? மருந்த விட்றாதம்மா" என்றாய். எவ்வளவு பதமாகப் பேசினாய் தெரியுமா? நான் குழறும்போது அவசரப்படுத்தாமல், நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தாய். எப்போதும் அப்படித்தான் காத்திருப்பாய். உன்னைப் பற்றி ஹாஸ்பிடலில் எல்லோரிடமும் அதைத்தான் பெருமையாகச் சொல்லுவேன். மதியம் கேட்டதும் அதே குரல்தான், சாயங்காலம் கேட்டதும் அதே குரல்தான். இரண்டில் எது நீ என்று தெரியாமல், "சாப்பிட்டேன்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கஷ்டம் இல்லை. திட்டிவிட்டு, அழுதுவிட்டு, இருந்திருப்பேன்.

உன்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் பக்கத்து மலாய்ப் பள்ளிக்கு மாற்றிய வருஷம் உனக்கு நினைவில் இருக்காது. வகுப்பில் நீ ஒருவன்தான் தமிழ்ப் பிள்ளை. வெளியே போக அனுமதி கேட்கிற மலாய் வாக்கியத்தை நானும் அப்பாவும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினோம். முதல் நாள் நீ அதைத் தப்பாகச் சொன்னாயாம், வகுப்பே சிரித்ததாம். மறுநாள் நீ கேட்கவே இல்லை. புத்தகப் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். "தண்ணி கொட்டிருச்சு மா" என்றாய். நான் ஒன்றும் கேட்காமல் கால்சட்டையை வாங்கித் துவைத்தேன். அது வெறும் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அந்த வருஷம் முழுக்க நீ பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை. உதடு வெடித்துக் கிடக்கும். அன்றைக்குச் சிரித்த பிள்ளைகளை நான் வெகுகாலம் மனத்துக்குள் சபித்திருக்கிறேன். அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருந்திருப்பாள், சாயங்காலம் போனால் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெட்டிப் போட்ட அந்த வீடியோத் துண்டு நன்றாகத்தான் ஓடியது. எனக்கே மூன்று இடத்திலிருந்து வந்தது. நம் வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி, "ஆண்ட்டி இத பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று காட்டினாள். அதில் என் குரலும் இருக்கிறது. அவளும் கண்டுபிடிக்கவில்லை. நாதனுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஆள் உள்ளே இருப்பதைக் காட்டுகிற பச்சைப் புள்ளி அவன் பெயருக்குப் பக்கத்தில் வரவே இல்லை. நாள் போகப் போக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் தடியை ஊன்றிக்கொண்டு செட்டிக் கம்பத்துக்குப் போனேன். திக்குவாயுள்ள பையன் என்று கேட்க மனம் வரவில்லை. ஹோட்டலில் வேலை பார்க்கிற நாதன் என்று கேட்டேன், வீட்டைக் காட்டினார்கள்.

அவன் அம்மா மட்டும்தான் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். சாரோங் கட்டி, நெற்றியில் திருநீறு. மகனோடு விளையாடுகிற மக்சிக் என்று சொன்னதும் முகம் மலர்ந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தேநீர் வைத்தார். அக்கா என்று கூப்பிட்டார். மற்றதெல்லாம் மலாய்தான். அவர் சொன்னதைச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து நாதன் வெளி ஆட்களோடு பேச மாட்டான். அவனே கண்ணாடிக்கு முன்னால் நின்று, வணக்கம் சொல்வதையும் அறைச் சாவி கொடுப்பதையும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகி, அந்த முன்கவுண்டர் வேலையை வாங்கினான். அந்தத் துண்டு ஹோட்டலுக்கும் போய்ச் சேர்ந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவனைப் பார்த்ததும் மோட்டரை உதைக்கிற சத்தம் போட்டார்கள். ஒருநாள் கவுண்டருக்கு வந்த ஆளிடம் அவனால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அவனாகவே கேட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு மாறிக்கொண்டான். இப்போது வீட்டிலும் தலையை ஆட்டுவதோடு சரி.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார். "அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஒருத்தன் இருக்கானாமே அக்கா, அவனுக்கு அம்மா இல்லையா?" சாபம் மாதிரிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். தாயில்லாத பிள்ளையாக இருக்கும், அதனால்தான் அப்படி என்று நினைத்திருக்கிறார். ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இருக்கிறாள் என்றேன். நான்தான் என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெளியே யாரோ மோட்டர் சைக்கிளில் போனார்கள், அந்தச் சத்தம் அடங்குகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். என் பிள்ளையை அனுப்புகிறேன், மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்று நான் ஏதேதோ குழறினேன். அவர் எழுந்து வாசல் பக்கம் பார்த்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "நாதன் வர்ற நேரம். நீங்க போயிடுங்க அக்கா. உங்க மகன் வரணும்னா வரட்டும், அது அவன் பாடு. ஆனா நீங்க யாருன்னு என் பிள்ளைக்குத் தெரிய வேணாம். அந்த விளையாட்டுலே அவன் இன்னமும் நல்லவங்கன்னு நினைக்கிறது உங்க ஒருத்தரைத்தான். அதையும் எடுத்துடாதீங்க." நான் தடியை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாக வந்தேன். இனி அந்தப் பக்கம் நான் போக முடியாது.

கல்யாணத்துக்கு வருவேன். எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருவேன். உன் பெண்டாட்டியிடம் இதை நான் சொல்லப்போவதில்லை. சொல்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய்துகொள். குழுவை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். உனக்குச் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். உன் கையில் இருக்கிறவரை அந்தத் துண்டை எடுத்துவிடு. ஊரெல்லாம் போனதைத் திரும்ப வாங்க முடியாது, அதுவும் தெரியும். வருகிற புதியவர்களுக்கு உன் விதிமுறைகளைத் திருத்தி எழுத வேண்டுமென்றால் எழுது, என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்காதே.

நாதனிடம் போ. தாலி கட்டுவதற்கு முன்னால் போ. சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே, கேமராவைத் திறக்காதே, பையில் பரிசு எதுவும் எடுத்துப் போகாதே. அவன் வெளியே வரவில்லை என்றால் திரும்பி வந்துவிடு, இன்னொரு நாள் போ. வந்தால், அவன் பேச ஆரம்பித்தால், எந்த எழுத்தில் நின்றாலும் நீ அவனுக்காக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. உனக்குக் காத்திருக்கத் தெரியும். அவன் உன்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள். யார் பெற்ற பிள்ளை நீ என்று அவன் கேட்டால் மட்டும், ஐயா, என் பெயரைச் சொல்லிவிடாதே.

அம்மா